முத்தரசியின் பாதத்தில் ஏழாம் நம்பர் பஸ்

செவ்வாய்க்கிழமையிலிருந்து ஏழாம் நம்பர் பஸ் முத்தரசியின் இடது பாதத்தருகே நிற்கிறது. உள்ளே அவள் அப்பா.

அந்த ஊர் பஸ்கள் பிள்ளைகளின் பாத வளைவுக்குக் கீழேதான் போகும். பஸ் சின்னதல்ல, பாதமும் பெரியதல்ல. ஆனாலும் போகும். பிள்ளை நிற்க வேண்டும், வளைவு வராமல் பஸ் கதவு திறக்காது, அவ்வளவுதான் விதி. எட்டு வயது முத்தரசிக்கு உட்கார்ந்தால் வளைவு வரும். நின்றால் பாதம் தோசைக்கல்லாகத் தரையில் படியும். நுனிக்காலில் எம்பினாலோ, மூன்று எண்ணுவதற்குள் விழுவாள்.

அம்மா செண்பகவல்லி அவளைப் பாதப் பயிற்சி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். பஸ்ஸும் பின்னாலேயே வந்தது. நடக்க நடக்க வராந்தா ஒரு மைல் நீண்டது.

"ஈரக்கால் தடம் வைங்க," என்றார் கவுன்ட்டர்காரர்.

மகளின் தடம் வளைவில்லாமல் முழுசாய்ப் பதிந்தால் மானம் போய்விடும். செண்பகவல்லி பையிலிருந்த அரிசிமாவுக் கரைசலில் கையைத் தோய்த்தாள். கோகுலாஷ்டமிக்குக் கண்ணன் பாதம் வைத்துப் பழகிய கை. முஷ்டியால் ஒரு குத்து, மேலே ஐந்து பொட்டு. அழகான வளைவு.

"கால் நம்பர் நானூத்திப் பதினெட்டு. உங்க கையில இருக்கு. உள்ள போங்க."

"ஐயோ, இது கை சார்!"

"பதிவாயிடுச்சும்மா."

பயிற்சியாளர் பெர்னதெத் செண்பகவல்லியின் முஷ்டியைப் பாயில் நிறுத்தினாள். "குதிகாலைத் தூக்கு. கோலிக்குண்டை எடு. துண்டைச் சுருட்டு." முஷ்டி எல்லாவற்றையும் செய்தது. முத்தரசியும் பக்கத்தில் நின்று காலால் செய்தாள்.

"எம்மா, உன் கை என்னைய விட நல்லா நடக்கு!"

"சிரிக்காம குதிகாலத் தூக்குட்டி. அப்பா பாக்காவ."

பன்னிரண்டு வாரப் பயிற்சி கால் மணி நேரத்தில் முடிந்தது.

கண்டக்டர் விசில் ஊதினார். பதிவான பாதத்துக்கு, அதாவது செண்பகவல்லியின் முஷ்டிக்குக் கீழே, பஸ் சர்ரென்று கடந்தது.

"எறங்கணும்யா! வீட்டுக்காரி அங்க நிக்கா!" அப்பா ஜன்னல் வழியே கத்தினார்.

"இங்க ஸ்டாப்பிங் இல்ல சார். வளைஞ்ச புதுப் பாதம் வந்தாத்தான் நிக்கும்," என்றார் கண்டக்டர்.

முத்தரசி ஓடினாள். பஸ்ஸுக்கு முன்னால் போய் நுனிக்காலில் எம்பினாள். மூன்று எண்ணினாள். பத்து எண்ணினாள். வளைவு அப்படியே நின்றது. பஸ்ஸும் நின்றது.

அப்பா சாப்பாட்டுத் தூக்கோடு இறங்கினார். "பருப்பு ஊசிப்போச்சு," என்றார்.

"பாப்பா, குதிகாலை எறக்கிராத," என்றார் கண்டக்டர். "பின்னால இன்னும் ஆறு பஸ் வருது."

முத்தரசி இறக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் யாரோ கையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள்.