இரண்டாயிரம் பங்கு மஹர்

வேவ்ட்ரீ பங்கு இருநூற்றுப் பதினாலு ரூபாயைத் தொட்ட அன்று, எங்கள் களஞ்சியக் கந்தோரில் சசிகரன் எல்லோருக்கும் தின்ன ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தான். அந்தக் கம்பெனியின் பங்கு அதற்கு முன்னர் அவ்வளவு உயரத்துக்குப் போனதே இல்லை. கொழும்பில் இருக்கிற ஒரு மென்பொருள் கம்பெனிக்காக, திருகோணமலைத் துறைமுகத்தில் கயிறும் கிறீஸும் பெயின்றும் எண்ணிக் கொடுக்கிற நாங்கள் விழா எடுத்தோம் என்றால் யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சசிகரனிடம் ஐந்நூறு பங்கு இருந்தது.

அவன் ஒன்றும் பெரிய கெட்டிக்காரன் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முதல் நான் சொல்லித்தான் வாங்கினான். வாங்கிய கையோடு கணக்கின் பாஸ்வேர்டை மறந்துபோனான். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாடே கவிழ்ந்து பங்குகளெல்லாம் விழுந்தபோது, விற்றுவிட அவனும் துடியாய்த் துடித்தான். பாஸ்வேர்ட் ஞாபகத்தில் இல்லை, புரோக்கர் கந்தோருக்குப் போகப் பெற்றோலும் இல்லை. அப்படியே விட்டுவிட்டான். அந்த மறதிக்குத்தான் இப்போது ரோல்ஸ்.

"எல்லாம் உன்னாலதான் மச்சான்," என்று என் தோளில் தட்டினான். "எனக்கே இவ்வளவு எண்டா, உன்ர மனுசியிட்ட ரெண்டாயிரம் கிடக்கு. நீ இனி என்னத்துக்கு வேலைக்கு வாறாய்?"

நான் சிரித்தேன். சிரிக்காமல் வேறென்ன செய்வது? என் மனைவி சனூஸாவிடம் இரண்டாயிரமும் இல்லை, இரண்டும் இல்லை. அத்தனையையும் நான் விற்று மூன்று வருஷத்துக்கு மேலாகிறது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குத் தெரியாது.

வெறும் பங்கு என்றால் இவ்வளவு கதை இல்லை. அது அவளுடைய மஹர். நிக்காஹ்வில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற பொருள். கொடுத்த பிறகு அது அவளுடையது, புருஷனுக்கு அதில் ஒரு சதம் உரிமை கிடையாது. எங்கள் பக்கத்தில் தங்கப் பவுண்தான் வழக்கம். சனூஸா கிண்ணியாவில் கணினி படிப்பிக்கிற ரீச்சர். கலியாணம் பேசும்போதே, தங்கம் வேண்டாம், வேவ்ட்ரீ பங்கு இரண்டாயிரம் போதும் என்று சொல்லியனுப்பினாள். தங்கம் அலுமாரிக்குள் சும்மா கிடக்கும், இது வளரும், வளர்ந்தால் ஒருநாள் முதுமாணி, அதுதான் மாஸ்டர்ஸ், படிக்கலாம் என்று காரணமும் சொன்னாள். நிக்காஹ் எழுத வந்த மௌலவி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன எழுத வேண்டும் என்று இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம், இந்தக் கம்பெனி வட்டித் தொழில் ஏதும் செய்கிறதா என்று கேட்டார். பந்தலே சிரித்தது. என் மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. மருமகன் வெறும் காகிதத்தைக் கொடுத்துப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறான் என்று ஊர் கதைக்குமே என்ற கவலை அவருக்கு.

கணக்குத் திறக்கிற படிவத்தை நான்தான் நிரப்பினேன். பெயர் அவளுடையது. தொலைபேசி இலக்கம் என்னுடையது, ஈமெயிலும் என்னுடையது. எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். வீட்டுப் பெண்ணின் இலக்கத்தைக் கண்ட கந்தோரிலும் கொடுத்து, எவனோ எடுத்துக் கதைப்பதற்கு விடமாட்டோம். அன்றைக்கு அது எனக்குப் பெரிய கௌரவமாக இருந்தது. கணினி படிப்பிக்கிறவள், அதைப் பார்த்துவிட்டும் பேசாமல் கையெழுத்து வைத்தாள். என்னை நம்பினாள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஏப்ரலை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மகளுக்கு அப்போது எட்டு மாதம். கடைகளில் பால்மா இல்லை. இருக்கிற இடத்தில் சொல்கிற விலை என் சம்பளத்துக்குக் கட்டாது. காஸ் சிலிண்டருக்கு ஓர்ஸ் ஹில்லில் இரண்டு நாள் வரிசையில் நின்றேன். போனைத் திறந்தால் வேவ்ட்ரீ ஒவ்வொரு நாளும் விழுந்துகொண்டிருந்தது. கம்பெனி நாட்டை விட்டே போகப்போகிறது என்று ஒரு கதையும் அடிபட்டது. முப்பத்தொரு ரூபாய்க்கு வந்தபோது எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இப்போது விற்றால் பிள்ளைக்குப் பால்மா வாங்கலாம், இன்னும் விழுந்த பிறகு குறைந்த விலைக்குத் திருப்பி வாங்கி வைத்துவிடலாம், அவளுக்குத் தெரியவே வராது. என் பெரிய மூளை அப்படி ஓடியது. வரிசையில் சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்றபடியே விற்றேன். பங்கு அதற்குக் கீழே விழவே இல்லை.

அவளிடம் ஏன் கேட்கவில்லை? கேட்க வெட்கம். கொடுத்த மஹரைத் திருப்பிக் கேட்கிறவனை எங்கள் ஊரில் ஆம்பிளை என்று மதிக்கமாட்டார்கள். அதனால் கேட்கவில்லை, எடுத்தேன். இப்படி எழுதும்போது எவ்வளவு கேவலமாக இருக்கிறது பாருங்கள். அன்றைக்கு அப்படித் தெரியவில்லை.

பால்மாவும் காஸும் வீட்டுக்கு வந்ததும், காசு ஏது என்று சனூஸா கேட்டாள். வாயில் வந்த பெயரைச் சொன்னேன். கலீலுர் றஹ்மான் நானா தந்தார் என்றேன். மூத்தவர் என்பதால் அண்ணன் முறைக்கு நானா என்போம், துறைமுகத்தில் கிறேன் ஓட்டுகிறவர், கிண்ணியாக்காரர், மகன் கட்டாரில் வேலை செய்கிறான். அவர் தந்தார் என்றால் யாரும் நம்புவார்கள். பொய் சொன்னவன் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். திருப்பித் தராவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைக்குத்தானே என்று நானா சொன்னதாகவும் சேர்த்துவிட்டேன். சனூஸா அழுதுவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளைக்கும் அவள் தன் கையால் தேங்காய்ப்பாலும் முட்டையும் போட்டு வட்டிலப்பம் செய்து நானா வீட்டுக்கு அனுப்புவாள். கொண்டுபோவது நான். ஒன்றும் விளங்காத அந்த மனுஷன், தங்கச்சிக்கு எங்களில் என்ன இவ்வளவு இரக்கம் என்று கேட்டபடியே வாங்கி வைப்பார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

ரோல்ஸ் தின்ற அன்று நான் வீட்டுக்குப் போவதற்கு முன்னரே செய்தி அவளுக்குப் போய்விட்டிருந்தது. பள்ளிக்கூடத்திலும் அன்று முழுக்க வேவ்ட்ரீ கதைதானாம். மேசையில் ஒரு கடிதம் இருந்தது. முதுமாணிப் படிப்புக்கு அவளை எடுத்திருந்தார்கள். மாதம் முடிவதற்குள் முதல் தவணை கட்டவேண்டும். விண்ணப்பித்ததையே எனக்குச் சொல்லவில்லை, கிடைத்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம். பாதியை விற்றாலே படிப்பு முடிந்துவிடும், மிச்சம் மகளுக்கு இருக்கட்டும் என்றாள். மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். திங்கட்கிழமையே விற்றுத் தரச் சொன்னாள். பாஸ்வேர்ட் என்னிடம்தானே.

திங்கட்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை, சந்தை பூட்டு என்றேன். அது உண்மையாகவே போயா. செவ்வாய்க்கிழமை சிஸ்டம் வேலை செய்யவில்லை என்றேன். புதன்கிழமை, இன்னும் ஏறும், கொஞ்சம் பொறு என்றேன். வியாழக்கிழமை பங்கு மேலும் நாலு ரூபாய் ஏறியது. பார்த்தீர்களா, நீங்கள் பொறுக்கச் சொன்னது நல்லதாய்ப் போயிற்று என்று அவள் என்னை மெச்சினாள். யா அல்லாஹ், அந்த மெச்சலைப் போல ஓர் அடி நான் என் வாழ்நாளில் வாங்கியதில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் வேலை முடிந்து வரும்போது வட்டிலப்பம் தயாராக இருந்தது. பெருநாளும் இல்லை, ஒன்றும் இல்லை. கலீலுர் றஹ்மான் நானா வீட்டுக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். அவர் அன்றைக்குத் தந்ததை இந்தக் காசு வந்ததும் முதல் வேலையாகத் திருப்பிக் கொடுப்போம் என்று அவருக்குத் தன் வாயால் சொல்ல வேண்டுமாம். மகள் அன்று கிண்ணியாவில் உம்மா வீட்டில் இருந்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றாள். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி, பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டாள். சீனன்குடா வரைக்கும் என்ன சாட்டுச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே ஓடினேன். ஒன்றும் அகப்படவில்லை. கிண்ணியாப் பாலத்தின் நடுவில் ஓரமாக நிறுத்தினேன். காற்று வாங்கத்தான் நிறுத்துகிறேன் என்று நினைத்து அவள் முக்காட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சனூஸா, நானா ஒரு சதமும் தரல்ல. உன்ட பங்க நான் வித்திட்டன். அந்த ஏப்ரலிலயே."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

"எல்லாத்தையுமா?"

"ஓம்."

"அப்ப அந்தப் பால்மா?"

"உன்ட காசுதான்."

ஒரு லொறி எங்களைக் கடந்து போய், பாலம் அதிர்ந்து அடங்கியது. அவள் சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

"மூணு வருசமா அஞ்சு நேரமும் தொழுதுபோட்டு அந்த மனுசனுக்குத் துஆக் கேட்டிருக்கன். நீங்க பக்கத்தில இருந்து ஆமீன் சொன்னீங்க."

சொன்னதுதான். ஒவ்வொரு தரமும் சொன்னேன்.

"கேட்டிருந்தாத் தந்திருப்பன். பிள்ளைக்குப் பால் எண்டா மறுப்பனா?"

"மஹரைக் கேக்க வெக்கமாப் போச்சு."

"எடுக்க வெக்கமில்ல," என்றாள். பாத்திரத்தை மடியில் சரிசெய்துகொண்டு, "வண்டிய எடுங்க. இது பழுதாப் போகும்," என்றாள்.

திரும்பி வீட்டுக்குப் போவாள் என்றுதான் நினைத்தேன். இல்லை, நானா வீட்டுக்கே விடச் சொன்னாள். இறங்கி, பாத்திரத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் வழக்கம்போல, ஏன் தங்கச்சி இந்தச் சிரமமெல்லாம் என்றார். எங்களுக்குத் துஆச் செய்யுங்கள் நானா என்று மட்டும் சொன்னாள். என் மானத்தை அவர் வாசலில் அவள் காப்பாற்றிக் கொடுத்தாள். நான் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

கடன் எடுத்துத் தவணையைக் கட்டுகிறேன் என்று மறுநாள் சொல்லிப் பார்த்தேன். வட்டிக் காசில் படிக்க ஏலாது என்று விட்டாள். விற்ற காசு அறுபத்திரண்டாயிரத்தையும் எப்படியாவது புரட்டித் தருகிறேன் என்றேன். அதற்குத்தான் தலையை நிமிர்த்தினாள்.

"நிக்காஹ்வில எழுதினது காசு இல்ல. ரெண்டாயிரம் பங்கு. அதத் தாங்க."

கணக்கில் இருந்த இலக்கத்தையும் ஈமெயிலையும் பாஸ்வேர்டையும் அந்தக் கிழமையே தன்னுடையதாக மாற்றிக்கொண்டாள். மாதம் ஐயாயிரம் ரூபாய் என் சம்பளத்தில் ஒதுக்கலாம். அன்றைய விலைக்கு ஐயாயிரத்துக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று பங்கு வரும். அவள் மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டு, ஏழு வருஷத்துக்கு மேலே போகும், தனக்கு முப்பத்தெட்டு வயதாகிவிடும் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள். கடிதத்தை மடித்து அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் வைத்தாள். மாதம் முடிந்தது. அந்த இடத்துக்கு வேறு யாரையோ எடுத்திருப்பார்கள்.

அன்றிலிருந்து இந்தத் துறைமுகத்தில் வேவ்ட்ரீ விழ வேண்டும் என்று காத்திருக்கிற ஒரே ஆள் நான். சசிகரன் ஒவ்வொரு புதிய உச்சத்துக்கும் எதையாவது வாங்கித் தின்னத் தருவான். பங்கு ஒரு ரூபாய் ஏறினால் சனூஸாவின் படிப்பு இன்னும் தள்ளிப் போகிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

நாலாம் மாதம் ஒருநாள் பங்கு சடாரென்று விழுந்தது. கம்பெனிக்கு வரவிருந்த பெரிய வெளிநாட்டு வேலை ஒன்று கைநழுவிப் போனதாம். நூற்றெழுபது ரூபாய். சசிகரன் சாவு வீட்டுக்காரன்போலக் கதிரையில் கிடந்தான். நான் மலசலகூடத்துக்குள் போய்ச் சனூஸாவின் கணக்குக்குக் காசை அனுப்பிவிட்டு, இப்பவே வாங்கு என்று செய்தி போட்டேன். இருபத்தொன்பது பங்கு! பின்னேரம் வீட்டுக்குப் போனதும் குசினி வாசலில் நின்று, பார்த்தாயா, ஒரே தடவையில் எவ்வளவு என்று பெருமையாகச் சொன்னேன். இப்படியே இன்னும் இரண்டு மாதம் விழுந்தால் என்று தொடங்கினேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"விழுந்தா ஒங்களுக்குச் சந்தோசம்," என்றாள். "அது ஏறினாத்தான் நான் படிக்கலாம். நான் ஏறட்டும் எண்டு துஆக் கேக்கன், நீங்க விழட்டும் எண்டு கேக்கீங்க. ரெண்டு பேரும் ஒரே வீட்டில இருந்து."

எனக்கு அது அதுவரைக்கும் உறைக்கவே இல்லை. அவளுக்காகத்தான் பாடுபடுகிறேன் என்ற நினைப்பில், என் பாரம் குறைய அவளுடைய பொருள் மலிய வேண்டும் என்று நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். முதல் தரம் விற்றபோதும் இதைத்தானே செய்தேன், விழட்டும் என்று காத்திருந்தேன்.

அந்தியில் மஃரிப் தொழுகை முடிந்ததும் கையை ஏந்தினேன். ஏறட்டும் என்று கேட்டேன். அவளுக்குக் கேட்கும்படியாக, வாய்விட்டே கேட்டேன். ஆமீன் சொல்வாள் என்று பொறுத்துப் பார்த்தேன். அவள் முஸல்லாப் பாயை மடித்துக்கொண்டு எழும்பிப் போனாள்.

அடுத்த மாதம் பங்கு இருநூற்று எழுபதுக்குப் போனது. சசிகரன் கேக் வாங்கினான். ஐயாயிரத்துக்குப் பதினெட்டுத்தான் கிடைத்தது.