சுஜிதனின் பக்கம்

கஜனிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஒட்டுசுட்டான் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். பஸ் நிற்கும் இடத்துக்குக் கிட்ட அவளுக்கு ஒரு சின்னக் கடை. போட்டோக் கொப்பி எடுப்பாள், அடையாள அட்டைக்குப் படம் பிடிப்பாள், கேட்பவர்களுக்கு இணையத்தளமும் செய்து கொடுப்பாள். இந்த மூன்றாவது கூட்டத்துக்குத்தான் அவளிடம் ஏச்சு அதிகம்.

ஏசாமல் என்ன செய்வாள்? அரிசி ஆலைக்காரர் ஒருவர், கொழும்பு வியாபாரி யாருடையதோ தளத்தில் இருந்ததை முழுவதுமாக அள்ளித் தன் தளத்தில் கொட்டியிருந்தார். அவருடைய ஆலை எந்த ஊரில் இருக்கிறது என்று அதில் ஓர் இடத்திலும் இல்லை. தேன் விற்கும் ஒருவர் 'சுத்தமான தேன்' என்று ஒரே பக்கத்தில் அறுபது தடவை எழுதி வைத்திருந்தார்.

"கூகிள் என்ன செவிடோ? ஒருக்காச் சொன்னாக் கேக்கும். அறுபது தரம் சொன்னா, இந்த ஆள் புளுகுறார் எண்டு தள்ளிப் போட்டிடும்" என்று அவரை ஏசித் தீர்த்துவிட்டாள்.

பிறகு எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னாள்: "எழுதேக்க உங்களை நினைச்சு எழுதாதேங்கோ. தேடுற ஆளை நினைச்சு எழுதுங்கோ. அவர் வந்து என்ன சொல்லை அடிப்பார்? அந்தச் சொல் அங்க இருக்கவேணும்."

இதை அவள் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அண்ணனுக்காக ஒரு பக்கம் எழுதியபோது தானாகப் புரிந்துகொண்டது.

மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, முல்லைத்தீவிலிருந்து சரீப் வந்தார். கருவாட்டு வியாபாரி. இடம்பெயர்ந்து போய்ப் பல வருடம் கழித்துத் திரும்பி வந்து, ஒன்றுமில்லாத இடத்தில் கடையை மறுபடி எழுப்பியவர். வவுனியாவில் ஒருவரிடம் கொடுத்துத் தளம் செய்வித்திருந்தார்.

"தங்கச்சி, இது என்ன கூத்து? கடைப் பேரை அப்பிடியே அடிச்சாலும் வருதில்லை. ஒருத்தருக்கும் கருவாடு வேண்டாமாம் போல."

"கொஞ்சம் இருங்கோ நானா, பாப்பம்." முஸ்லிம் அண்ணன்மாரை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

கஜனி அவருடைய தளத்தின் உள்பக்கத்தைத் திறந்தாள். படங்கள் நன்றாக இருந்தன. விபரங்களும் பரவாயில்லை. அமைப்புகளுக்குள் போனாள். அங்கே, எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு சின்னக் கட்டம். 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம்.' அந்தக் கட்டத்துக்குள் ஒரு சரி அடையாளம்.

அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. தளத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, அரைகுறை வேலையை ஊர் பார்க்கக் கூடாதென்று போட்டு வைக்கிற அடையாளம் அது. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். வவுனியாக்காரர் மறந்துபோனார்.

"நானா, கடையைக் கட்டி, சாமான் எல்லாம் அடுக்கி, லைற்றும் போட்டிட்டு, முன்கதவை உள்ளுக்கால பூட்டிப்போட்டு இருக்கிறியள்!"

"எவ்வளவு காலமா?"

"செய்த நாளில இருந்து. எட்டு மாசம் வரும்."

சரீப் தலையில் கைவைத்தார். "அல்லாவே! எட்டு மாசமா ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லையே எண்டு நான் சனத்தையெல்லோ பேசிக்கொண்டு இருந்தனான்."

கஜனி சிரித்துக்கொண்டே அடையாளத்தை எடுத்துவிட்டாள். அப்போதுதான் அந்த வசனம் அவளுக்குள் போய் விழுந்தது. ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன தங்கச்சி, முகம் ஒருமாதிரிப் போகுது?"

"ஒண்டுமில்லை நானா. உங்கட வேலை முடிஞ்சுது. நீங்கள் போயிட்டு வாங்கோ."

அவர் போனபின்பும் அவள் கணினியைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையிலேயே இருந்தாள். பயம். வேறு ஒன்றுமில்லை, வெறும் பயம்.

அண்ணன் சுஜிதன் காணாமல் போனபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. இறுதிப் போர் நடந்த 2009 தொடக்கத்தில் உடையார்கட்டு வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாள். அம்மா சிவனேஸ்வரியும் கஜனியும் சனத்தோடு சனமாகத் தெருவில் ஏறிவிட்டார்கள். "நீங்கள் நடவுங்கோ, நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடி வாறன்" என்று சொல்லித் திரும்பிப் போனான். எறிகணைச் செல் விழுந்தது. சனம் தள்ளியது. அவன் வரவில்லை.

அதற்குப் பிறகு அம்மா தேடாத இடம் இல்லை. முகாம்கள், பட்டியல்கள், அலுவலகங்கள், படத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த தெருவோரங்கள். உடையார்கட்டு வீட்டுக்குத் திரும்பிப் போகவும் அவர் சம்மதிக்கவில்லை. அந்தத் தெருவைப் பார்க்க ஏலாது என்றார். ஒட்டுசுட்டானில் குடியேறினார்கள். கேட்கிறவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொல்வார்: "உயிரோட இருந்தா எங்க எண்டு சொல்லுங்கோ. இல்லையெண்டா நாளையாவது சொல்லுங்கோ. பிள்ளைக்கு ஒரு திவசம் குடுக்க எனக்கொரு நாள் வேணும்."

2019 ஆனியில் கஜனி அந்தப் பக்கத்தைச் செய்தாள். அண்ணனைக் கண்ட யாரோ ஒருவர் உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் இருப்பார், ஒருநாள் தேடுவார் என்று நம்பினாள். அவர் என்ன சொல்லை அடிப்பார்? அண்ணனின் பெயர். ஊர். அவன் தன்னைப் பற்றிச் சொல்லியிருந்தால் அம்மாவின் பெயர், தங்கச்சியின் பெயர். நீலச் சைக்கிள். இடது புருவத்தில் தழும்பு. எல்லாவற்றையும் எழுத்தில் வைத்தாள், ஒன்றையும் படத்துக்குள் மறைக்கவில்லை. வாடிக்கையாளர்கள் விடுகிற பிழைகளில் ஒன்றைக்கூட அவள் அங்கே விடவில்லை.

அந்த வருடக் கடைசியில் மோட்டார் சைக்கிளில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். யார் செய்தது, ஏன் செய்தது, யார் செய்யச் சொன்னது என்று மரியாதையாகத்தான் விசாரித்தார்கள். போகும்போது வீடு எங்கே என்றும் கேட்டார்கள்.

அம்மா பயந்துபோனார். "உன்னையும் குடுத்திட்டு நான் ஆரைத் தேடுறது? அழிச்சுப் போடாதை பிள்ளை. கொஞ்ச நாளைக்கு ஒருத்தற்ர கண்ணிலயும் படாமல் மூடி வை."

கஜனி பக்கத்தின் அமைப்புகளில் அதே சின்னக் கட்டத்துக்குள் சரி அடையாளம் போட்டாள். கொஞ்ச நாள்தானே. பங்குனியில் கொரோனா ஊரடங்கு வந்தது. கடை பூட்டிக் கிடந்தது, அம்மாவுக்கு மூச்சிழுப்பு வந்தது, வாழ்க்கை கண்டபடி போயிற்று. எல்லாம் திரும்பியபோது பக்கத்துக்கான வருடக் கட்டணத்தைக் கட்டினாள், படத்தைத் தெளிவாக்கிப் போட்டாள். திறந்தும் விட்டதாகவே மனம் கணக்கு வைத்துக்கொண்டது.

தேடிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மற்றவர்களின் கடைகளை நாளுக்குப் பத்துத் தடவை தேடிப் பார்க்கிறவள் அவள். அண்ணனின் பெயரை மட்டும் அடிக்கமாட்டாள். அடித்து, ஒன்றும் வராமல் போனால் அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

பயம் தெளிந்த அம்மா பின்னேரங்களில் கேட்கத் தொடங்கினார். தேத்தண்ணிக் கோப்பையோடு வாசல் கதிரையில் இருந்தபடி, கஜனி கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்ற முன்னமே கேட்பார்.

"இண்டைக்கு ஆரும் தேடினவையோ?"

"இல்லையம்மா."

நாலைந்து வருடம் இதே கேள்வி, இதே பதில். ஒருநாள் கஜனிக்கு அலுத்துப்போயிற்று. "அண்ணாவைத் தேட உலகத்தில ஆர் இருக்கினம்? நாங்கள் ரெண்டு பேரும்தான். சும்மா சும்மா கேக்காதேங்கோ!" என்று கத்திவிட்டாள். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த நாள், ஒன்றும் நடக்காததுபோல, மறுபடி கேட்டார்.

போன ஐப்பசி மழைக்குள் அம்மா போய்விட்டார். முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோதும் கேட்டார். இல்லையம்மா என்றுதான் கஜனி சொன்னாள்.

இப்போது கடையில் தனியே இருந்தபடி அவள் அண்ணனின் பக்கத்தைத் திறந்தாள். அமைப்புகள். அடிக்குப் போனாள். கட்டம். சரி அடையாளம் அங்கேயே இருந்தது.

எடுத்துவிட ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கடைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒருத்தரும் தேடியிருக்கமாட்டார்கள் என்று தனக்குத் தானே சொன்னாள். பூட்டிக் கிடந்தாலென்ன, வந்து தட்ட ஆள் இருந்தால்தானே. வாழ்க்கையில் முதல்முறையாக, அண்ணனை ஒருவரும் தேடியிருக்கக் கூடாது என்று அவள் கடவுளைக் கேட்டாள்.

ஏப்ரல் எட்டாந் திகதி மத்தியானம் செய்தி வந்தது. பக்கத்தின் அடியில் அவள் வைத்திருந்த பெட்டிக்குள் யாரோ எழுதியிருந்தார்கள்.

'நான் விமலேஸ்வரி. சுவிஸில் இருக்கிறேன். சுஜிதனை எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் இதே நாளில் அவருடைய பெயரையும் ஊரையும் அடித்துத் தேடுவேன். இந்த வருடம்தான் இந்தப் பக்கம் வந்தது. போன வருடமும் தேடினேன். தயவுசெய்து எனக்குப் போன் எடுங்கள்.' கீழே ஒரு தொலைபேசி எண்.

கஜனி எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், எடுத்த உடனேயே அழுகை.

"கஜனியோ? நீங்கள் கஜனிதானே? உங்கட பேரை எத்தினை தரம் சொன்னவர் தெரியுமோ. நான் உடையார்கட்டுக்கும் ஆள் விட்டு விசாரிச்சனான். அந்த வீட்டில வேற ஆக்கள் இருக்கினமாம், உங்களை ஒருத்தருக்கும் தெரியேல்லை எண்டினம். கூகிளில அடிச்சு அடிச்சுப் பாத்து, நீங்களும் இல்லையோ எண்டு நினைச்சிட்டன்."

"அண்ணாவை எங்க கண்டனீங்கள் அக்கா?"

"தெருவில. நான் கைக்குழந்தையோட, மற்றப் பிள்ளை நடக்க மாட்டன் எண்டு அழுகுது. உங்கட அண்ணாதான் பிள்ளையைச் சைக்கிள் கரியரில வைச்சு உருட்டிக்கொண்டு வந்தவர். வலைஞர்மடம் வரைக்கும் எங்களோடதான். ஒவ்வொரு கூட்டமாப் போய் உங்களைத் தேடுவார், திரும்பி வருவார். பங்குனிப் பறுவத்துக்கு முதல் நாள், காலமை, தண்ணிக்குப் போனவர். செல் விழுந்திட்டுது. அங்கயே ஒரு பூவரசுக்குக் கீழ நாங்கள்தான் குழி வெட்டித் தாட்டனாங்கள்."

பங்குனிப் பௌர்ணமிக்கு முதல் நாள். அம்மா பதினைந்து வருடம் கேட்டுத் திரிந்த நாள் அது.

"உடன சாகேல்லை. கொஞ்ச நேரம் கதைச்சவர். அம்மாவிட்டச் சொல்லச் சொல்லி ஒண்டு சொன்னவர். அதை நான் அம்மாவிட்டதான் சொல்லவேணும். அம்மா பக்கத்தில நிக்கிறாவோ? குடுங்கோ."

"அம்மா மோசம் போயிட்டா அக்கா."

"எப்ப?"

"போன ஐப்பசி."

விமலேஸ்வரி மெதுவாகக் கேட்டார். "அப்ப போன வருசம் இந்த நாளில இருந்தவா?"

"இருந்தவா."

"ஐயோ."

"என்ன சொன்னவர் அக்கா?"

"'என்னைத் தேட வேண்டாம் எண்டு அம்மாவிட்டச் சொல்லுங்கோ. சொல்லாட்டி அவா தேடிக்கொண்டே திரிவா' எண்டு சொன்னவர். வேறொண்டும் இல்லை."

கஜனி நன்றி சொன்னாளா, எப்படிப் போனை வைத்தாள் என்பதெல்லாம் அவளுக்கே நினைவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வாசல் கதிரையை இன்னும் எடுத்து உள்ளே வைக்கவில்லை. பின்னேர வெயில் அதில் விழுந்திருந்தது. செருப்பைக் கழற்றாமல் அதற்கு முன்னால் நின்றாள்.

அந்தக் கேள்வியைக் கேட்க இப்போது ஆளில்லை. இருந்தும் அவள் பதில் சொன்னாள்.

"ஓம் அம்மா. தேடினவை. ஒவ்வொரு வருசமும் தேடினவை. நான்தான் உள்ளுக்கால பூட்டிப்போட்டு, ஒருத்தரும் வரேல்லை எண்டு உங்களுக்குச் சொல்லிக்கொண்டு இருந்தனான்."