ஹேடிஸ் அவளுக்கு என்ன முறை?

1

இது நானாக யோசித்த கதை இல்லை. சென்னையில் பதிப்பகம் நடத்தும் ஹேமாவதி போனில் கேட்டு வாங்கிய கதை. கிரேக்கப் புராணக் காதல் என்றால் இந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கிறார்களாம். சின்னமனூரில் உட்கார்ந்து எழுதும் நான் பெர்சிபனியைக் கம்பம் பள்ளத்தாக்குக்குக் கூட்டிவர வேண்டுமாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெர்சிபனி, விளைச்சல் தெய்வமான டிமீட்டரின் மகள். பூப் பறித்துக்கொண்டிருந்தவளைப் பாதாள ராஜா ஹேடிஸ் தேரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். அவளைப் பெற்ற ஸீயஸ் முன்பே சரி சொல்லியிருந்தான். தாய் அழுததில் பூமி காய்ந்தது. கடைசியில் பஞ்சாயத்து கூடி, வருஷத்தில் ஒரு பங்கு அவனிடம், மீதி தாயிடம் என்று பிரித்தார்கள். இதில் பெர்சிபனி என்ன சொன்னாள் என்று கேட்காதீர்கள். அங்கேயும் யாரும் கேட்கவில்லை.

“தூக்கிட்டுப் போறது வேண்டாம்ங்க,” என்றார் ஹேமாவதி. “அவளே ஆசைப்பட்டுப் போற மாதிரி எழுதுங்க. அவன் ஊருக்கெல்லாம் முரடன், அவகிட்ட மட்டும் குழந்தை. பொண்ணுங்களுக்கு அதுதான் பிடிக்குது.”

பிடிக்கட்டும். எனக்கும் அந்த வயதில் பிடித்தது. முரடனைத் திருத்தும் வேலையைச் சம்பளம் இல்லாமல் நம் தலையில் கட்டுகிறார்கள் என்பது பிறகுதானே உறைக்கிறது.

2

முதல் தொடக்கம்: பொட்டிப்புரம் மலையடிவாரத்தில் பூமி பிளந்து, கறுப்புக் கார் ஒன்று

(நிறுத்திவிட்டேன். மலைக்கு அடியில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வருமா வராதா என்று அந்தப் பக்கத்துச் சனங்கள் பேசியது போதும். என் பங்குக்கு நானும் அங்கே பாதாளம் தோண்ட வேண்டாம்.)

இரண்டாவது: அவன் கண்கள் ஆழ்துளைக் கிணறு போல

(இதை எழுதிய கையை என்ன செய்யலாம்?)

மூன்றாவது: பன்னீர் திராட்சைப் பந்தலின் கீழே அவள் குலை வெட்டிக்கொண்டிருந்தபோது, அவளுடைய தாய்மாமன் வந்தார்.

இது நிலைத்து நின்றது. ஏனென்றால் ஹேடிஸ், டிமீட்டருக்குத் தம்பி. இந்தக் காலத்துக் காதல் கதைக்காரர்கள் பலர் இந்த உறவை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போல மறைக்கப் பார்ப்பார்கள். எங்களுக்கு மறைக்க என்ன இருக்கிறது? தாய்மாமன் என்றால் கட்டிக்கொள்ளும் முறை. மளமளவென்று எழுதினேன். முதலில் அழுகிறாள், பிறகு அவர் அமைதியைக் கவனிக்கிறாள், பிறகு அவர் சட்டையை ஒருநாள் யாருக்கும் தெரியாமல்... சரி, அந்தப் பக்கத்தை உங்களுக்குக் காட்டப்போவதில்லை.

மூலக்கதையில் தாயின் துக்கம்தான் குளிர்காலம். எங்கள் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்கத் திராட்சை காய்க்கிறது. எந்தத் தாய் அழுதும் இங்கே கொடி காய்ந்ததில்லை. ஆனால் மகள் தாயிடம் திரும்பிவரும் கணக்கு அப்படியே பொருந்தியது. பெர்சிபனிக்கு மாதக்கணக்கில் ஆடி, அவ்வளவுதான்.

3

இங்கே யுவராணி வருகிறாள். பக்கத்து வீட்டுப் பெண். தேனியில் பி.எஸ்சி. முடித்தவள், என் கையெழுத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருபவள். கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருந்தது. அவள் அம்மா உமாதேவிக்கு மார்க்கையன்கோட்டைப் பக்கம் திராட்சைத் தோட்டம். உமாதேவியின் தம்பி சுருளிவேல், கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுபவர். அவருக்காக யுவராணிக்கு வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாகப் பேச்சு.

(பூ வைத்துவிட்டால் பேசி முடித்ததாக அர்த்தம். பிறகு அந்தப் பெண்ணை வேறு யாரும் கேட்டு வரமாட்டார்கள். அவளிடமும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கிரேக்கத்தில் பூப் பறிக்கும்போது தூக்கினார்கள். நாங்கள் பூ வைத்துத் தூக்குகிறோம்.)

யுவராணி பிழை பார்ப்பதற்காக அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்திருக்கிறாள். உமாதேவி அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறார். மறுநாள் வீடு தேடி வந்தார்.

“அக்கா, ரொம்ப நல்லா எழுதியிருக்கீக. அந்தப் புள்ள மொதல்ல அழுதாலும், பெறகு மாமன் மேல ஆசையாத்தான இருக்கா? அதத்தான் நானும் இவகிட்டச் சொல்றேன். கட்டிக்கிட்டா மனசு தன்னால வந்துரும்னு. பாரு, பெரியம்மாவே எழுதிட்டாக.”

பின்னால் நின்ற யுவராணி என்னைப் பார்த்த பார்வையில் நான் கூசிப்போனேன். என் காதல் அத்தியாயம் அச்சுக்குப் போகும் முன்பே கல்யாணத் தரகுக்குக் கிளம்பிவிட்டது.

4

அன்று மாலை யுவராணி தனியாக வந்தாள். கையில் போன்.

“பெரியம்மா, நீங்க பாதி உறவத்தான் எழுதியிருக்கீக.”

“என்ன பாதி?”

“ஸீயஸும் டிமீட்டரும் கூடப் பொறந்தவுகளாம். அப்ப ஹேடிஸ் அவ ஆத்தாவுக்குத் தம்பி, அப்பனுக்கு அண்ணன். அம்மா வழியில தாய்மாமன். அப்பா வழியில பெரியப்பா!”

எங்கள் ஊர்ப் பழக்கம் என் கண்ணை மறைத்துவிட்டது. பெண்ணுக்கு மாப்பிள்ளை என்றதும் தாய்வழியைப் பார்த்து, முறை வந்துவிட்டது என்று கணக்கை மூடிவிட்டேன். பெரியப்பா என்றால் அப்பன் ஸ்தானம். தலைகீழாக நின்றாலும் எந்த ஊர்க்கூட்டமும் ஒப்பாது. எனக்கோ ஒரே சந்தோஷம். முடிவு கிடைத்துவிட்டதே! உடனே எழுதினேன்:

பூத்தட்டை நீட்டும் நேரத்தில் ஊர்ப்பெரியவர் சீனிச்சாமி எழுந்து, “நிறுத்துங்கப்பா, இது முறையில்லாத

யுவராணி இதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற மாட்டேன் என்றாள்.

“முறையில்லன்னு அவ தப்பிச்சுருவா. முறை இருக்கவ என்ன செய்வா? எனக்கு மாமா, மாமா மட்டுந்தான் பெரியம்மா.”

“அப்ப மாமனை மோசமானவனா மாத்திரட்டா? குடிக்கிறான், அடிக்கிறான்னு...”

“அவுக நல்லவுக. காலேஜுக்குப் பீஸ் கட்டுனதே அவுகதான். நல்லவுகன்னா கட்டிக்கணுமா? அதக் கேளுங்க உங்க கதையில.”

நான் எழுத்தாளர். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

5

ஆனாலும் முயன்றேன். வேறு முடிவுகள்:

அ. அவள் விடியற்காலைப் பஸ் ஏறி ஓடிவிடுகிறாள். (யுவராணி: “நான் என்ன களவாண்டேனா, ஓடுறதுக்கு?”)

ஆ. பாதாளத்துக்கு அவள் ராணியாகிறாள், சிம்மாசனத்தில் சரிபாதி. இப்போது மவுசு இதற்குத்தான். பாதாளத்தில் பாத்திரம் விளக்குவது யார் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை.

இ. தாய் வந்து மீட்கிறாள். அழகான முடிவு. ஆனால் உமாதேவி, மகள் தன் தம்பி வீட்டில் இருந்தால் கண்ணெதிரே இருப்பாள் என்று நம்பும் தாய். அவரையும் அந்த வயதில் யாரும் கேட்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போகவும் செய்தது.

அவளிடம் முதலில் யாராவது கேட்க வேண்டும், அதுதான் கதை என்று ஹேமாவதியிடம் சொன்னேன்.

“அப்போ லவ் எங்கேங்க?”

“அவளைக் கேட்ட பிறகு வரும். வந்தால்.”

“அதுவரைக்கும் யார் படிப்பாங்க?”

“படிக்காட்டிப் போகட்டும்.”

6

வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். சுருளிவேலின் அண்ணி மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு யுவராணியின் தலைப்பக்கம் கையைக் கொண்டுபோனார். யுவராணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை, சித்த பொறுங்க.” பிறகு எழுந்து நின்றாள். “மாமா, எனக்குச் சம்மதம் இல்ல. உங்க மேல கோவமும் இல்ல. நான் திங்கக்கெழம கோயம்புத்தூர் போயி காலேஜுல சேரணும்.”

உமாதேவி பதறிவிட்டார். “ஏ ஆத்தா! சபையில வச்சு என்ன பேச்சுடி இது?”

“சபையிலதானம்மா பூ வைக்கிறீக. அப்ப சபையிலதான் சொல்லணும்.”

அவள் குரல் நடுங்கியது. ஆனாலும் உட்காரவில்லை.

எல்லாத் தலைகளும் சுருளிவேல் பக்கம் திரும்பின. என் தலையும்தான். அவர் முகம் கறுத்ததா? எழுந்து போனாரா? “நல்லாப் படி தாயி” என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னாரா? எனக்குத் தெரியும், நான் அங்கேதான் இருந்தேன். ஹேமாவதிக்கு அது வேண்டும். உங்களுக்கும் வேண்டும்.

எழுதமாட்டேன். அவர் பெருந்தன்மையால் அவள் பிழைத்தாள் என்றாலும், அவர் கோபத்தால் அவள் மாட்டினாள் என்றாலும் மறுபடி இது அவர் கதையாகிவிடும். இத்தனை காலமாக ஹேடிஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது போதும்.

அவள் சொல்லிவிட்டாள். என் கதையில் நடக்க வேண்டியது அவ்வளவுதான். இதற்கு மேலும் முடிவு வேண்டும் என்பவர்கள் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பேனாவை எடுக்கும் முன் யுவராணியை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.