மூன்று பூஜ்யங்கள்

தேசிய நன்னீர் உயிர்வளக் கொள்கை அச்சாகி, நான்கு கட்டுகளாக அலுவலகத்துக்கு வந்து இறங்கியது ஒரு திங்கட்கிழமை காலை. கட்டைப் பிரித்த கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்காமல் சிப்பிக்காரி முதல் பிரதியை எடுத்துப் பின்பக்கத்திலிருந்து புரட்டினாள். முன்பக்கம் இருப்பதெல்லாம் வாழ்த்துரையும் முன்னுரையும். அதை எழுதியவர்களே படித்திருக்க மாட்டார்கள். உயிர் இருப்பது இணைப்பில். எந்தெந்த ஆற்றுப் பகுதியில் இனி யாரும் தோண்டக் கூடாது, மணல் அள்ளக் கூடாது என்ற பட்டியல் அங்கேதான் இருக்கிறது.

வரைவில் பதினோரு பகுதிகள் இருந்தன. கடைசியாக இருந்தது அவள் கணக்கெடுக்கும் மடு. அச்சில் பட்டியல் பத்தோடு முடிந்திருந்தது.

இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று நகத்தால் பிரித்துப் பார்த்தாள். இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதில், பக்கத்தின் அடியில் எறும்பளவு எழுத்தில் ஒரு குறிப்பு கிடைத்தது: ‘பதினொன்றாம் பகுதி: தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சிப்பி எதுவும் பதிவாகாததால் நீக்கப்பட்டது.’

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பத்தொன்பது வருடமாக ஆற்றுச் சிப்பிகளை எண்ணுவதுதான் அவள் வேலை. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதும் அதனால்தான். போன மாதம்கூட அந்த மடுவின் ஓரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, அடியில் இரும்புக் கட்டம் வைத்து, கட்டத்துக்குள் விரலால் தடவித் தடவி எண்ணியிருந்தாள். உள்ளங்கை அகலச் சிப்பிகள் இருநூற்று நாற்பத்தொன்று. அவ்வளவும் உயிரோடு வாய் மூடிக்கொண்டு இருந்தன. அவற்றைப் போய் இல்லை என்கிறார்களே!

சிரிப்பு அடங்கியதும் அக்காவின் ஞாபகம் வந்தது.

அக்கா அந்த ஆற்றில் வலை போட்டுப் பிழைப்பவள். மடுதான் அவளுக்கு நல்ல மீன்பாடு கொடுக்கும் இடம். சிப்பியின் குஞ்சு மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டுதான் வளரும், மீனை வாரிவிட்டால் சிப்பியும் போச்சு என்று நான்கு வருடத்துக்கு முன் இவள் சொல்லப்போக, அக்கா வலையைச் சுருட்டிக்கொண்டு மேல் ஆற்றுக்குப் போய்விட்டாள். கூட இருந்த ஒன்பது குடும்பத்தையும் சண்டை போட்டு இழுத்துக்கொண்டு போனாள். “கொஞ்ச நாள்தான். கொள்கை வந்துட்டா மணல்காரன் ஒருத்தன்கூட மடுப் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டான். என் தங்கச்சி எழுதுறா, அது தப்பாப் போகாது” என்று மீன் சந்தையில் பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

சிப்பிக்காரி ஆவண அறைக்குப் போய் மூன்று வருடத்துக் கணக்குத் தாள்களை உருவினாள். மடுவுக்கு நேரே ஒரு பூஜ்யம், அடுத்த வருடம் ஒரு பூஜ்யம், அதற்கடுத்த வருடமும் பூஜ்யம். மூன்றும் அவள் கையெழுத்து. நல்ல உருண்டையான பூஜ்யங்கள்.

பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. அரசுக் கணக்கெடுப்புக்கென்று வருடத்தில் ஒரே ஒரு வாரம். அந்த வாரத்தில் மூன்று வருடமும் வெள்ளம். கரையில் சிவப்புக் கொடி. யாரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. வைக்காத இடத்தை வெறுமையாகத்தான் விட வேண்டும். ஆனால் புதிதாக வந்த கணினிக்கு வெற்றுக் கட்டம் ஆகாது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் முழுத் தாளையும் துப்பிவிடும். அப்போது இயக்குநர்தான் வழி சொன்னார். “பூஜ்யம் போட்டுடும்மா. உன் நோட்டுல ‘வெள்ளம், இறங்கவில்லை’ன்னு குறிப்பு எழுதிடு. தண்ணி வடிஞ்சதும் நீ எண்ணுறியே, அந்த நோட்டை என்கிட்ட குடு. கொள்கை எழுதும்போது நானே சேர்த்துடறேன்.”

அவர் சொன்னால் மறுபேச்சு ஏது? கண்ணால் பார்க்காமல் விரல் நுனியால் சிப்பியின் வயதைச் சொல்லப் பழக்கியவர். அவளுக்கு மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு விரைந்தது அவருடைய ஜீப். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் சார். அவளுக்கு மட்டும் அண்ணன். வருடா வருடம் எண்ணியதை அதே நோட்டில் எழுதிக் கொடுத்து, வருடா வருடம் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

கொள்கைப் புத்தகத்தோடு அவர் அறைக்குள் நுழைந்தபோது அவர் தொலைபேசியில் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பேச்சைச் சட்டென்று முடித்தார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“அண்ணே, அந்த மூணு பூஜ்யம் எப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்மா.”

“நோட்டு எங்கே?”

அவர் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, அவளுடைய பச்சை அட்டை நோட்டை எடுத்து வைத்தார். தேடவே இல்லை. தண்ணீர் பட்டு ஊதிய அதே நோட்டு. கடைசியாகக் கொடுத்த நாளில் அவள் போட்ட ரப்பர் வளையம்கூட அப்படியே இருந்தது. ஒரு பக்கம்கூடப் புரட்டப்படவில்லை என்பதற்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

“பத்துக்கு மேல முடியாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க” என்றார் அவர். “ஒண்ணை எடுத்தாகணும். அந்த மடுவுல மணல் எடுக்க ஒரு கோப்பும் காத்துக்கிட்டு இருந்துச்சு. மத்த பகுதிக்காரங்க நீதிமன்றம், பத்திரிகைன்னு போவாங்க. உன்னோடதுல காரணம் தயாரா இருந்துச்சு.”

“காரணத்தைத் தயார் பண்ணினதே நீங்கதானே!”

“அன்னிக்கு நான் அப்படி நினைச்சுச் சொல்லலம்மா. சத்தியமா. ஆனா எதை எடுக்கறதுன்னு வந்தப்போ…” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ நம்ம ஆளு. நீ சண்டைக்கு வரமாட்டேன்னு தெரியும்.”

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அறுக்கிறவர் இவ்வளவு வாஞ்சையாகப் பேசுவார் என்று அவளுக்குத் தெரியாது. பத்தொன்பது வருடத்து விசுவாசத்துக்கு அந்த அறையில் ஒரே ஒரு பயன்தான் இருந்திருக்கிறது: சத்தம் போடாமல் தள்ளிவிட வசதியான ஆள் யார் என்று காட்டிக்கொடுத்திருக்கிறது. நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பேருந்தில் போகும்போது கொள்கையை முழுதாகப் படித்தாள். எட்டாம் பிரிவில் ஒரு வாசல் திறந்திருந்தது: கணக்கில் பிழை இருந்தால், ஆற்றை நம்பிப் பிழைப்பவர் எவரும் முப்பது நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். துறை ஊழியர் ஆட்சேபிக்கக் கூடாது. வரைவுக் கூட்டத்தில் அந்தப் பிரிவுக்காக மல்லுக்கட்டியவள் அவள்தான்.

அக்கா வீட்டு வாசலில் மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “வாடி வா, புத்தகம் வந்துடுச்சா? நம்ம மடு எந்தப் பக்கத்துல இருக்கு?” என்று ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி எழுந்தாள்.

சிப்பிக்காரி எதையும் மென்று முழுங்காமல் சொன்னாள். இயக்குநர், மணல் கோப்பு, இழுப்பறையில் கிடந்த நோட்டு எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் பூஜ்யங்களைச் சொன்னாள். அக்கா இயக்குநரைத் திட்டுவாள், தன்னைக் கட்டிக்கொள்வாள் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தாள். பொய் சொல்வானேன், அதற்காகத்தான் வந்தாள்.

அக்கா ஒரு பெட்டியைப் புரட்டி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அன்னிக்கு நீ தண்ணியில இறங்கலையா?”

“வெள்ளம்க்கா. எப்படி இறங்க முடியும்?”

“இறங்கல. ஆனா இல்லேன்னு எழுதினே.”

“கணினி வெறுமையா விட்டா எடுத்துக்காது. அண்ணன் சொன்னாரு…”

“நான் படிக்காதவ. வலை போடாத நாள்ல மீன் இல்லேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. இன்னிக்குப் போகலேன்னுதான் சொல்லுவேன்.” குரலை உயர்த்தவில்லை. “அந்த ஆளு உன்னை ஏமாத்தினான். சரி. இந்த ஒன்பது வீட்டுக்கும் நான் யாரைக் காட்டுறது? அவனையா? அவங்க அவனைக் கண்டதே இல்லையே.”

சிப்பிக்காரி எட்டாம் பிரிவை வாசித்துக் காட்டினாள். நீ ஆட்சேபித்தால் மறுபடி எண்ண வேண்டிவரும், எண்ணினால் மடு பட்டியலுக்குத் திரும்பலாம், முடிவு தெரியும்வரை யாரும் மணல் அள்ள முடியாது என்றாள். பூஜ்யம் பொய் என்று நிரூபித்தாக வேண்டும் என்றும் சொன்னாள். அப்படி நிரூபணமானால் வேலை போவது இயக்குநருக்கு அல்ல. அவர் வாயால் சொன்னதோடு சரி, தாளில் அவர் கைபட்ட எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. அதை மட்டும் அவள் சொல்லவில்லை. அக்கா அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

“உள்ள போய்த் தாளும் பேனாவும் எடுத்துட்டு வா. நான் சொல்றேன், நீயே எழுது. அந்தத் தாள்லயும் உன் எழுத்துதானே? ரெண்டையும் வெச்சு ஒத்துப் பாக்கட்டும், பூஜ்யம் போட்ட கையே இதையும் எழுதுதுன்னு தெரியட்டும்.”

கவிழ்த்த மீன் பெட்டியின் மேல் தாளை வைத்து அவள் எழுதினாள். அக்கா நின்றபடி சொன்னாள்: நாங்கள் பத்துக் குடும்பம். நான்கு வருடமாக மடுவில் வலை போடவில்லை. சிப்பி இருக்கிறது, வந்து எண்ணிப் பாருங்கள். வெள்ளத்தில் இறங்காமலே மூன்று வருடம் பூஜ்யம் எழுதியது…

அக்கா அங்கே நிறுத்தினாள். பேனா காத்திருந்தது.

“‘என் தங்கை’ன்னு போடட்டுமாக்கா?”

அக்கா ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வேணாம். ‘கணக்கெடுக்க வந்தவங்க’ன்னு போடு.”

அவள் அப்படியே எழுதினாள்.