கொதிக்க மறுத்த ரேடியேட்டர்

1

ஒளிப்பானேன், இந்தக் கதை என் அக்காவிடமிருந்து பிடுங்கியது. அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பள்ளிக்குப் போகும் மேட்டில் வேன் இரண்டு முறை கொதித்து நின்று, பிள்ளைகள் ரோட்டோரம் நின்றார்கள். இன்னொரு முறை கொதித்தால் வேறு வேன் பார்த்துக்கொள்வதாகத் தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். கதைக்கு வேண்டிய பயம் அவ்வளவுதான்.

முதல் வரி எழுதினேன்: "வெயிலில் தகித்த அந்தப் பழைய வேன், தன் நெஞ்சுக்குள்..."

(வேண்டாம். வேனுக்கு ஏது நெஞ்சு?)

2

ரேடியேட்டரின் மேல்பக்க பிளாஸ்டிக் டேங்க் அடிக்கடி விரிசல் விட்டது. அதையே அலுமினியத்தில், குழாயை மட்டும் அகலமாக வைத்து, வெளியே ஒரு பட்டறையில் செய்யக் கொடுத்தாள் அக்கா. பட்டறைக்காரர் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். அதுவே அவர் பெயராகிவிட்டது.

(அவரை வில்லனாக்கத்தான் நினைத்தேன். திருட்டு முழியெல்லாம் கொடுத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. மனிதர் வெல்டிங் வைத்த இடத்தை விரலால் தடவி, திருப்தியில்லாமல் மறுபடி தேய்க்கிறவர்.)

3

டேங்க் வந்தது. குழாய் தப்பான பக்கம்.

"இடதுன்னுதானே சொன்னேன்?"

"இடதுலதானேம்மா வச்சிருக்கேன்!"

அக்கா சொன்னது, பானெட்டைத் திறந்து எதிரே நின்று பார்த்த இடது. ஆகட்டும் செய்தது, ஓட்டுகிறவர் சீட்டிலிருந்து பார்க்கும் இடது. டேங்கை நடுவில் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்று கத்தினார்கள்.

"கண்ணைத் திறந்து பாருங்கண்ணே!"

"நல்லாத்தான் பாக்கறேன். எனக்கு இடதாத்தான் தெரியுது!"

அக்கா குழாயைத் தொட்டுப் பார்த்தாள். குழாய் டேங்கின் மேல் நேராக நிற்பது, எந்தப் பக்கமும் சாயாதது.

"அண்ணே... முன்பக்கத்தைப் பின்பக்கமாத் திருப்பிப் போட்டா?"

அவர் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். "காது* மட்டும் முன்னாடி வந்துடும். அறுத்துப் பின்னாடி ஒட்டணும்."

"இன்னைக்கே?"

"ஆகட்டும்."

இருவரும் சிரித்த சிரிப்பில் டேங்க் கீழே விழப் பார்த்தது.

* டேங்கை வண்டியோடு பிடித்து நிறுத்தும் தகடு.

4

இங்கேதான் எனக்குக் கை அரித்தது. கனமான கதை என்றால் மேட்டில் வேன் கொதித்தாக வேண்டும். எழுதினேன்: "ஆவி கிளம்பியது. ஸ்டீயரிங்கில் தலை சாய்த்து அவள்..."

அக்கா படித்தாள். "அதான் கொதிக்கவே இல்லையே. நீ எதுக்குடி கொதிக்க வைக்கிற?"

அந்த வரிகளை அடித்துவிட்டேன்.

5

நடந்தது இதுதான். புது டேங்க் மாட்டிய வேன் நிறையப் பிள்ளைகள். முன்சீட்டில் நான். அக்காவுக்குப் பாதிக் கண் சாலையில், பாதிக் கண் சூடு காட்டும் முள்ளில். மேடு ஏற ஏற முள்ளும் ஏறி, நடுவில் நின்றது. கடைசி வளைவு. முள் அசையவில்லை. உச்சியில் பள்ளிக்கூட கேட் தெரிந்ததும் அக்கா ஹார்னை விடாமல் அழுத்தினாள். பிள்ளைகள் காரணம் தெரியாமலே ஓவென்று கத்தினார்கள். காரணம் தெரிந்து நானும் கத்தினேன். என் அக்காவை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

கேட்டில் தலைமை ஆசிரியை காதைப் பொத்திக்கொண்டு நின்றார். "எதுக்கு இவ்வளவு சத்தம்? நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துடுங்க."

அக்கா இன்னொரு ஹார்ன் அடித்தாள்.

6

முறைப்படி இனி வேனைக் கீழே இறக்கி, கதையையும் இறக்க வேண்டும். நான் மாட்டேன். இறக்கியே தீர வேண்டுமென்றால் சாவி வண்டியிலேயே இருக்கிறது, நீங்கள் ஓட்டுங்கள். நான் இன்னும் கத்தி முடிக்கவில்லை.