இருபத்திரண்டாவது நொடியில் கைதட்டல்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. "கோபம் வந்தா உடனே எழுதாதீங்க, ஒரு வாரம் போகட்டும்" என்று கதை எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்தார். ஒன்பது நாள் விட்டுத்தான் உட்கார்ந்தேன். கோபம் குறையவில்லை. தேதி வாரியாக நாட்குறிப்பில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் தொடக்கம்: "அரங்கில் நூற்றுப்பத்து நாற்காலிகள் இருந்தன, அவற்றில்—" வேண்டாம். நாற்காலிகள் மேல் எனக்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது: "இசை என்பது ஒலிக்கும் மௌனத்துக்கும் நடுவே—" அடித்துவிட்டேன். இது அறக்கட்டளையின் அழைப்பிதழில் இருக்கும் வாக்கியம். எழுதியது நான்தான். அங்கே எழுத்தராக இருக்கிறேன்.

மூன்றாவது: என் அக்கா இருபத்தொரு நிமிட இசை ஒன்றை எழுதினாள். வந்தவர்கள் ஒன்பது நிமிடம்தான் கேட்டார்கள்.

இது இருக்கட்டும்.

2.

அறக்கட்டளையைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும். (மூன்று முறை திருத்தினேன். நியாயம் வந்ததா என்பது சந்தேகம்தான்.) தண்ணீர்க் குழாய் விற்று மேலே வந்த ஒருவர் தொடங்கியது. இப்போதைய தலைவர் அவர் மகன். செவ்வியல் இசையில் புதிதாக எழுதுகிறவர்களுக்கு எங்கள் ஊரில் வேறு போக்கிடம் இல்லை. எழுதும் மாதங்களுக்கு உதவித்தொகை, ஒத்திகைக்கு அறை, வாசிக்க ஆட்கள், அரங்கு, எல்லாம் இவர்கள் தருவதுதான்.

ஒரே ஒரு விதி. முதல் அரங்கேற்றத்துக்கு மட்டுமே ஆதரவு. இரண்டாம் முறை வாசிக்க ஒரு விளக்குகூடப் போட மாட்டார்கள். முதல் தடவை என்றால்தானே தலைவர் மேடை ஏறலாம், படம் எடுத்துக்கொள்ளலாம்! ஒரே ஒருமுறை வாசித்துவிட்டு மூடிய இசைக்கோப்புகள் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன.*

* அலமாரியைத் துடைப்பதும் என் வேலை. நாற்பத்து மூன்று கோப்புகள். இரண்டு முறை எண்ணினேன்.

3.

அக்காவின் இசை இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என நான்கு வில் வாத்தியங்களுக்கு எழுதியது. முதல் பாதியில் இரண்டாம் வயலினுக்கு ஒரே ஒரு நீண்ட சுரம். மற்ற மூன்றும் அடித்துக்கொள்ளும். அது அந்தச் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஒன்பதாவது நிமிடத்தில் நால்வரும் நிறுத்துவார்கள். நாற்பது நொடி வில் அந்தரத்தில் நிற்கும். அதன் பிறகு இரண்டாம் வயலின் தனியாக எழும். மொத்த இசையும் அந்த இடத்துக்காகத்தான்.

"நாப்பது செகண்ட் கையத் தூக்கிட்டே உக்காரணுமா? பஸ்ஸ நிறுத்துற மாதிரி?" என்றார் செல்லோக்காரர், ஒத்திகையில்.

"பஸ் வரும் சார். கொஞ்சம் பொறுங்க" என்றாள் அக்கா.

அரங்கேற்றத்தன்று இருபத்திரண்டாவது நொடியில் தலைவர் கைதட்டினார். முன்வரிசை தட்டியது. அரங்கமே எழுந்தது. அவர் பூங்கொத்தோடு மேடை ஏறி ஒலிவாங்கியைப் பிடித்தார். "நச்சுன்னு முடிச்சிட்டாங்க! புது இசைன்னா இழுத்துக்கிட்டே போகும்னு பயந்துட்டே வந்தேன்."

சிரிப்பு. முதல் வயலின்காரர் வில்லை இறக்கினார். அவருடைய அடுத்த மாதக் கச்சேரியும் இதே அறக்கட்டளை தருவது. மூன்று மாதம் சாதகம் செய்த இரண்டாம் வயலின்காரி மட்டும் வில்லைத் தூக்கியபடியே இருந்தாள்.

"மேடம், கைய இறக்குங்க. முகம் மறைக்குது" என்றார் புகைப்படக்காரர்.

[இந்த வரி நானாகச் சேர்த்ததோ என்று நாட்குறிப்பைப் புரட்டினேன். இல்லை. சொன்னார்.]

4.

மறுநாள் காலை அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். மேலாளர் அம்மாள் அவளுக்கு நாற்காலி காட்டினார்.

"எல்லாரும் பாராட்டுனாங்கம்மா."

"பாதிக்குத்தான் மேடம்."

"பாதியே இவ்வளவு நல்லா இருந்திருக்குன்னா பாருங்களேன்!"

"இன்னொரு நாள் முழுசா வாசிக்கணும்."

"மறுவாசிப்புக்கு நாங்க தர்றதில்ல. விதி உங்களுக்கே தெரியும்."

"மறுபடி எங்க மேடம் கேக்குறேன்? முதல் தடவையே இன்னும் முடியலையே!"

மேலாளர் சிரித்துக்கொண்டே நிறைவுப் படிவத்தை என் மேசையில் வைத்தார். "முடிஞ்சுதா முடியலையான்னு உங்க தம்பியே எழுதிக் கொடுக்கட்டும். அவரும் அங்கதானே இருந்தாரு? இதைவிட என்ன நியாயம் வேணும்?"

படிவத்தில் ஒரு கேள்வி: படைப்பு முழுமையாக அரங்கேறியதா? 'இல்லை' எனில், எவ்வாறு அறிந்தீர்கள்?

'இல்லை' என்று இருந்தால் அறக்கட்டளை இன்னொரு நாள் அரங்கு தந்தாக வேண்டும். அக்காவின் முகம் தெளிந்தது. நான் குடிக்காத தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

5.

இதுவரை எழுதியதை ஆசிரியையிடம் காட்டினேன். "உங்க கதைசொல்லி எல்லாத்தையும் பாக்குறாரு, நொடிகூட எண்ணுறாரு. அந்த நேரத்துல அவர் கை என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?"

எழுதிப் பார்த்த பதில்: "கையில் அழைப்பிதழ் இருந்ததால்—" அடித்துவிட்டேன்.

"இருட்டில் என்னை யாரும்—" இதையும் அடித்துவிட்டேன்.

தட்டினேன்.

ஆறு ஒத்திகைக்கும் போனவன் நான். அது முடிவில்லை என்று அந்த அரங்கில் ஆறு பேருக்குத் தெரியும்: வாசித்த நால்வர், மேடைக்குப் பின்னால் நின்ற அக்கா, நான். பக்கத்து இருக்கையில் தட்டிக்கொண்டிருந்த மேலாளர் என் பக்கம் திரும்பினார். இருபத்து மூன்றாவது நொடியில் தட்டினேன், பலமாக. பார்வையாளர்களை எடுத்த காணொளிப் பதிவில் இரண்டாம் வரிசையில் தெளிவாகத் தெரிகிறேன். மேலாளர் அதைப் பார்த்துவிட்டார். அக்கா பார்க்கவில்லை.

தலைவருக்குத் தெரியாது, தட்டினார். எனக்கு?

6.

முடிவு ஒன்று: 'இல்லை' என்று எழுதுகிறேன். மேலாளர் பதிவை அக்காவுக்குப் போட்டுக் காட்டி, "தெரிஞ்சவருதான் தட்டுறாரு பாருங்கம்மா" என்கிறார்.

முடிவு இரண்டு: 'ஆம்'. அலமாரியில் இன்னொரு கோப்பு. துடைக்க நான் இருக்கிறேன்.

முடிவு மூன்று: அக்கா சிரித்து மன்னித்து— இதை எழுதியவனை அறைய வேண்டும்.

முடிவை உங்களிடம் விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். விடமாட்டேன். 'இல்லை' என்று எழுதச் சொல்வீர்கள். உட்கார்ந்து படிக்கிறவருக்கு அது சுலபம்.

படிவத்துக்கு இன்று கடைசி நாள், பன்னிரண்டு மணிக்குள் போக வேண்டும். இப்போது பத்தே கால். மறுபடி அலுவலகத்துக்கு வந்திருக்கும் அக்கா எதிரே உட்கார்ந்து, "ரெண்டு வரி எழுத இவ்வளவு நேரமாடா?" என்றாள். படிவத்துக்குப் பதிலாக இந்தத் தாள்களை அவளிடம் தள்ளினேன். கடைசித் தாள் மட்டும் என்னிடம். அதில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பஸ் வந்த இடத்தில் சிரித்தாள். புகைப்படக்காரர் வந்த இடத்தில் பல்லைக் கடித்தாள்.

"மேடத்தை அப்படியே எழுதியிருக்கே" என்கிறாள், நிமிராமல்.

ஐந்தாம் பகுதிக்குத் தாளைத் திருப்புகிறாள்.