ஆர்டிஸ் வரைந்த கொக்கு மேடை

கட்டட வரைபடம் போடும் ஆர்டிஸ் கோவால்கேயின் கழிப்பறை இல்லாத பூங்கா, அமெரிக்காவில் விஸ்கான்சினின் அந்த மூலையில் கிடையாது. மாவட்டப் பூங்காத் துறை அவளுக்கு வேறு எதையும் வரையக் கொடுத்ததும் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் ஊர் கூடிச் சாப்பிடும் மீன் வறுவலுக்குப் போனால், "வாம்மா, கக்கூஸ் ஆர்டிஸ்!" என்று பீர்க் கோப்பையைத் தூக்கி வரவேற்பார்கள். பாசத்தில்தான். அந்தப் பாசம் அவளை எப்படிக் குத்தியது என்று யாருக்கும் தெரியாது. சிரித்துவிட்டு உட்காருவாள்.

ஆகவே சதுப்பு நிலப் பூங்காவில் பெருங்கொக்குகளைப் பார்க்க மரமேடை வேண்டும் என்று பூங்காக் குழு கேட்டதும், இனி தன் பேர் மாறிவிடும் என்று மனதார நம்பினாள்.

முழங்கால் உயரத்துக்கு ஒரு மரத்தளம் வரைந்தாள். அவ்வளவு தாழ்வாக இருந்தால் சட்டப்படி கைப்பிடி தேவையில்லை. பின்பக்க மேட்டிலிருந்து சக்கர நாற்காலி நேராக உருண்டு வந்துவிடும். முன்னால் பலகைத் தடுப்பு. அதில், உட்கார்ந்தவரின் கண்மட்டத்தில் நீளமாக ஓர் இடுக்கு. உட்கார், வாயை மூடு, பார். இவ்வளவுதான் அவள் திட்டம்.

அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் பொதுக்கூட்டம் உண்டு. யார் என்ன கேட்டாலும் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்லும் வழக்கம்தான் இல்லை. காபியும் எலுமிச்சைக் கேக்கும் ஒரு சுற்று வந்ததும், குழுத் தலைவர் ராய்ஸ் எங்கெபிரெட்சன் வரைபடத்தைத் தூக்கிப் பார்த்தார். ஆர்டிஸுடன் பள்ளியில் படித்தவர், டிராக்டர் வியாபாரி.

"நல்லாத்தான் இருக்கு ஆர்டிஸ். ஆனா இவ்வளவு குட்டையா எதுக்கு மேடை? என் பிக்கப் வண்டி மேல ஏறி நின்னா இதைவிட நல்லாத் தெரியுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். வரைபடத்தில் மேடை உயர்ந்தது. உயர்ந்ததும் பலகைத் தடுப்பு போய் நெஞ்சளவுக் கைப்பிடிச் சுவர் வந்தது. சக்கர நாற்காலிக்காக வளைந்து வளைந்து ஒரு சரிவுப் பாதை வந்தது. மழைக்குக் கூரை, கொசுவுக்கு வலை.

"அந்தக் கைப்பிடிப் பலகை சும்மாத்தானே கிடக்கு?" என்றார் ஓய்வுபெற்ற லவான் டீச்சர். "போய்ச் சேர்ந்தவங்க பேரை உள்பக்கமாப் பொறிச்சா என்ன? எங்க வீட்டுக்காரருக்குக் கொக்குன்னா உசிரு."

செத்தவர் பேருக்கு யார் குறுக்கே நிற்பது? ஆர்டிஸும் நிற்கவில்லை. அவளும் அந்த ஊர்க்காரிதானே.

"அப்புறம் வண்டி நிறுத்தற இடத்துல வழக்கம்போல ஒரு கக்கூஸ்," என்றார் ராய்ஸ். "அதைப்பத்தி யாருக்காவது கருத்து இருக்கா?"

ஒருவருக்கும் இல்லை. நாற்காலிகளை மடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆர்டிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாம் என்று ஒதுக்கிய பலகைத் தடுப்பை அப்படியே கழிப்பறைச் சுவராக்கினாள். இருக்கையைச் சதுப்பு நிலம் பார்த்துத் திருப்பினாள். வரைபடத்தில் இடுக்குக்குப் பக்கத்தில் 'காற்றோட்டம்' என்று எழுதினாள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

வசந்தத்தில் திறப்பு விழா. ரிப்பன் வெட்டியதும் ஊரே மேலே ஏறியது. சரிவுப் பாதைப் பலகைகள் திடும்திடும் என்று அதிர்ந்தன. மேலே போனவர்கள் சதுப்பு நிலத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து, சொந்தக்காரர் பேரை விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அருமையா இருக்கு ஆர்டிஸ்," என்றார் லவான் டீச்சர், கண்ணைத் துடைத்தபடி. "கொக்கைத்தான் ஒண்ணையும் காணோம்."

இந்தச் சத்தத்தில் எந்தக் கொக்கு நிற்கும்? ஆர்டிஸ் தொய்ந்துபோய்க் கீழே இறங்கினாள். கழிப்பறை வாசலில் வரிசை நகராமல் நின்றது. உள்ளே போன ராய்ஸ் வெளியே வரவில்லை.

"ராய்ஸ், உசிரோட இருக்கியா?" என்று யாரோ கதவைத் தட்டினார்கள்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. ராய்ஸின் முகம் வேறாக இருந்தது. "ஆர்டிஸ்," என்றார், கிசுகிசுப்பாக. "இந்தப் பக்கம்தான் வந்திருக்கு. ஜோடியா ஆடுது. கல்லெறியற தூரம்கூட இல்ல. நான் மூச்சே விடல."

அதற்குப் பிறகு மேடையில் ஆள் இல்லை. வெளியே வந்தவர்கள் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள்.

"இதைச் சும்மா விடக்கூடாது," என்றார் ராய்ஸ். "அடுத்த கூட்டத்துல பேசிடுவோம். இடுக்கைப் பெருசாக்கலாம். கொஞ்சம் உயரத்தைக் கூட்டினா இன்னும் நல்லாத் தெரியும்."

"கதவுல ஆர்டிஸ் பேரைப் போடணும்," என்றார் லவான் டீச்சர். "பித்தளையில!"

எல்லோரும் கை தட்டினார்கள். சிரிப்பதா அழுவதா என்று ஆர்டிஸுக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக வரிசையை மீறி, எல்லோரையும் தாண்டி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

உட்கார்ந்தாள். இடுக்கு சரியாகக் கண்மட்டத்தில் இருந்தது. சாம்பல் நிறத்தில் இரண்டு கொக்குகள். ஒன்று காய்ந்த நாணல் ஒன்றைக் கவ்வி மேலே எறிந்துவிட்டு, இறக்கையை விரித்துத் துள்ளியது. மற்றது தலை தாழ்த்தி, தானும் துள்ளியது. அவள் வரைந்தபோது நினைத்த மாதிரியே. கண் நிறைந்துவிட்டது.

கதவை யாரோ மரியாதையாகத் தட்டினார்கள்.

"ஆள் இருக்கு," என்றாள் ஆர்டிஸ்.